ஊசிப் புதன்கிழமை

ஆறு மாதத்தில் ஆறு கண்ணாடி மாற்றிய மனிதரைப் பார்த்ததுண்டா? அதுவும் முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்ட ஒருவரை? லென்ஸ்காரர் மாற்றினார். முதல் மாதம் கால் பவர் கூட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் இன்னொரு கால். மூன்றாவது மாதம், கூட்டியதே தப்பு என்று குறைத்தார். நான்காவதில் ஃப்ரேம் மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று ஃப்ரேமையே தூக்கிப் போட்டார். ஐந்தாவதில் லென்ஸ் அனுப்பிய கம்பெனியைப் போனில் கூப்பிட்டு, "என்னங்க லென்ஸ் இது? சோடா பாட்டிலை உடைச்சு அனுப்பியிருக்கீங்களா?" என்று வெளுத்து வாங்கினார். ஆறாவதைப் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார். நிறுத்தம் இருந்தது. அதில் நின்றவர்களுக்குக் கை இருந்தது, கால் இருந்தது, பை இருந்தது. முகம் மட்டும் ஒருத்தருக்கும் இல்லை. சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்த மாதிரி, பார்த்த இடமெல்லாம் நடுவில் ஒரு சாம்பல் தடம்.

"வெயில் ஜாஸ்தி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கால் கதை தனி. நடந்தால் பஞ்சுப் பொதிமேல் நடப்பதுபோல இருந்தது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு டீக்கடை வரைக்கும் போய், டீ குடித்து, பேப்பரும் பார்த்துவிட்டு வந்தார். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், சுவரைப் பிடித்துக்கொள்வார். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னாரா? மூச்சு விடவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியவர் காலுக்குச் செருப்பு மாற்றினார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

கடை நீளமான ஒற்றை அறை. முன்னால் கவுண்டர், சுவர் முழுக்க ஃப்ரேம்கள், முகம் பார்க்க மூன்று கண்ணாடிகள். பின்னால் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் மெஷின். கடைசியில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. நாலு வருடத்துக்கு முன்னால் வரைக்கும் கவுண்டரில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் போன பிறகு, வேறு ஊரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த மகள் கணவரோடு இங்கேயே குடிவந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவைப்போலவே வாயாடி. ஆனால் அம்மாவுக்கு இருந்த கழுகுப் பார்வை அவளுக்கு இல்லை என்று லென்ஸ்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். லென்ஸ்காரர் சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையைப் படித்தார். மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே எறும்பு மாதிரி இருக்கும் எட்டாவது வரி வரைக்கும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தார். பிறகு அடுத்த கண். அதுவும் அப்படியே. மகள் தண்ணீர் சொம்போடு பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"பாத்தியா? எட்டு வரி. கண்ணு கல்லு மாதிரி இருக்கு," என்றார், வளையல் சத்தம் கேட்டு.

"இன்னொரு தடவை படிங்கப்பா."

"ஏன், நம்பிக்கை இல்லையா?" என்று மறுபடியும் ஒப்பித்தார். இந்த முறை கொஞ்சம் ராகம் போட்டே.

மகள் சொம்பைக் கீழே வைத்தாள். "அப்பா, பலகையில எழுத்தே இல்ல."

"என்னம்மா உளர்ற?"

"காலைல அந்தக் கொத்தனார் வந்தாரே, எழுத்துப் படிக்கத் தெரியாதுன்னு பலகையைத் திருப்பி வெச்சீங்களே. இன்னும் அப்படியேதான் இருக்கு. எல்லாம் முள்ளுக்கரண்டி படம்தான்பா. மேல பாக்குது, கீழ பாக்குது. ஒரு எழுத்துகூட இல்ல."

லென்ஸ்காரர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்று, தலையை ஒருக்களித்துப் பார்த்தார். முள்ளுக்கரண்டிதான். முப்பது வருடத்தில் அந்தப் பலகையின் முன்னால் எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டியவர்கள், தோழி போட்டிருக்கிறாள் என்று தானும் கண்ணாடிக்கு ஆசைப்பட்ட பள்ளிக்கூடத்துப் பெண்கள், வயதை ஒப்புக்கொள்ள மனமில்லாத மாப்பிள்ளைகள். அத்தனை பேரையும் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். இப்போது பெற்ற மகளிடம் மாட்டிக்கொண்டு, திருடன் மாதிரி நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள் மகள்.

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளுன்னா?"

"ஆறு கண்ணாடி," என்றார்.

கண் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். லென்ஸ்காரரை நன்றாகத் தெரியும். அவர் எழுதும் சீட்டுகளில் பாதி இவர் கடைக்குத்தான் வரும். மருந்து விட்டுக் கண்மணியை அகட்டி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். பிறகு விளக்கைக் கழற்றினார்.

"கண்ணுல ஒண்ணும் இல்லைங்க. கேமரா நல்லா இருக்கு. வயர்லதான் கோளாறு. நரம்பு. நீங்க நூறு கண்ணாடி மாத்தினாலும் இது சரியாகாது." மேஜையிலிருந்த ஒரு மருந்து பாட்டிலின் மூடியைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கலர்?"

"செங்கல் கலர். பழைய செங்கல்."

மகள் சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். மூடி நல்ல ரத்தச் சிவப்பு.

டாக்டர் விடவில்லை. ஒரு இரும்புக் கவையைத் தட்டி, ரீங்காரத்தோடு அவர் கணுக்காலில் வைத்தார். "அதிருதா?" "எது?" என்றார் லென்ஸ்காரர். காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடிய மறுநொடி மகள் மேல் சாய்ந்தார்.

"எப்பவாவது பெரிய ஆபரேஷன் ஆயிருக்கா?"

"வயித்துல. இருபது வருஷம் ஆச்சு. புண்ணு முத்திப்போய் முக்கால் வயித்தை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்ச கால் வயித்துல வண்டி ஓடிட்டிருக்கு."

"அதுக்கப்புறம் மாசாமாசம் ஊசி போட்டீங்கதானே? பி-ட்வெல்வ்?"

"ஓ, அதுவா!" லென்ஸ்காரர் முகம் மலர்ந்தது. "அது சத்து ஊசிங்க. உடம்புக்குத் தெம்பா இருக்கட்டும்னு என் வீட்டுக்காரிக்கு ஒரு ஆசை. அவ இருந்த வரைக்கும் போட்டேன். பதினாறு வருஷம்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது ஆசைக்குப் போட்ட ஊசி இல்லைங்க," என்றார் மெதுவாக. "அந்த வைட்டமினை உடம்புக்குள்ள ஏத்தறதுக்கு வயித்துல ஒரு சுரப்பு வேணும். உங்களுக்கு அந்த வயிறே இல்ல. நீங்க தலைகீழா நின்னு சாப்பிட்டாலும் ஏறாது. ஊசி ஒண்ணுதான் வழி. ஈரல்ல சேர்ந்து கிடந்தது மூணு நாலு வருஷம் தாங்கியிருக்கு. இப்ப டேங்க் காலி. அது இல்லாம நரம்பு பட்டுப்போகுது. முதல்ல கால், இப்ப கண்."

"திரும்ப வருமா டாக்டர்?" மகள்தான் கேட்டாள்.

"ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் மாசம் ஒண்ணு. நரம்பு ஆமை மாதிரிதான் தேறும். எவ்வளவு வரும்னு மூணு மாசம் போனாத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் வரும். முழுசா வரும்னு வாக்கு கொடுக்க மாட்டேன்."

ஒரு கண்ணாடிக்காரனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன என்று யாரிடம் கேட்பது? லென்ஸ்காரர் அப்போது வேறு எங்கோ இருந்தார். புதன்கிழமைகளில் இருந்தார்.

ஊசிக்கு அவர் அவ்வளவு பயந்தவர். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவமனையில் ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துவிட்டு, தையல் பிரிக்காத வயிற்றோடு கட்டிலிலிருந்து இறங்கி, மாடிப்படி வரைக்கும் ஓடியவர். வீட்டுக்கு வந்ததும், "இனிமே என் உடம்புல ஒரு ஊசி ஏறினா நான் மனுஷன் இல்ல," என்று சபதமே போட்டார். அவர் மனைவி அதை மறுத்துப் பேசவில்லை. ஒரு மாதம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு நாள், "இந்தாங்க, நாளைக்கு மத்தியானம் கடையைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போலாமா?" என்றாள். கல்யாணமான நாள் முதல் கடை, வீடு, கடை என்று கிடந்த மனிதருக்கு அதைக் கேட்டதும் காதில் தேன் பாய்ந்தது. "போற வழியில ஒரே ஒரு சத்து ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. மூஞ்சியைப் பாருங்க, வெளிறிக் கிடக்கு. கொஞ்சம் களை வரட்டும்," என்று பின்னாலேயே சேர்த்துச் சொன்னாள்.

அப்படித்தான் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை ஊசிப் புதனாயிற்று. அன்றைக்கு மத்தியானம் கடைக் கதவில் 'உரிமையாளர் வெளியூர்' என்று ஒரு அட்டை தொங்கும். வெளியூராவது ஒன்றாவது! நாலு நிறுத்தம் தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியிலிருந்த சின்ன கிளினிக். ரொட்டி வேகும் வாசனை படியேறி வரும். நர்ஸம்மா ஊசியைத் தூக்கியதும் அவர் மனைவி அவருடைய இடது காதைப் பிடித்து ஒரு திருகு திருகுவாள். அவர் காதுக்காக அலறி முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். பதினாறு வருடமும் அதே தந்திரம். பதினாறு வருடமும் ஏமாந்தார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக் கடை இருந்தது. ஆள் உயரக் கண்ணாடிகள், குளிரூட்டிய அறை, முறுக்கு மீசை வைத்த முதலாளி. இவர்களுக்கு அவர் மீசைக்காரர். போட்டிக் கடை என்றால் போட்டிக் கடை, இவர் கடையைப்போல நாலு மடங்கு. அந்தக் கடைக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக நுழைவார்கள். முன்பின் அறியாத ஆள்கள்போல. அவள் ஃப்ரேம் ஃப்ரேமாகப் போட்டுப் பார்ப்பாள். திடீரென்று இவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இது எனக்குப் பொருந்துதா, சொல்லுங்க," என்பாள். இவர் தாடையைத் தடவிக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க மூக்குக்கு இது தாங்காது. கொஞ்சம் பெரிய சைஸ் பாருங்க," என்பார். "உங்க வீட்டம்மாகிட்ட இப்படிப் பேசுவீங்களா சார்?" "அவ மூக்கு இதைவிடப் பெருசும்மா." மீசைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. பவ்வியமாக அடுத்த ஃப்ரேமை எடுத்து வைப்பார். வாங்காமலே வெளியே வந்து, பாலத்து முனை வரைக்கும் அடக்கி வைத்திருந்த சிரிப்பை இரண்டு பேரும் அங்கே கொட்டித் தீர்ப்பார்கள். ரயில் போகும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்டால்தான் என்ன?

பதினாறு வருடம் என்றால் நூற்றுத் தொண்ணூறு புதன்கிழமைகள் இருக்கும். அவர் வாழ்க்கையில் சந்தோஷம் என்று தனியாக எடுத்து வைத்தது எதுவென்றால் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கவுண்டரில் ஒரு குழந்தைக்கு ஃப்ரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருத்துவமனை வாசலைத் தொடுவதற்குள் போய்விட்டாள். வயது ஐம்பத்தெட்டு. அடுத்து வந்த ஊசிப் புதன் அன்றைக்கு லென்ஸ்காரர் மத்தியானம் கடையைத் திறந்தே வைத்திருந்தார். அவள் இல்லாமல் அந்தப் படியேற அவரால் முடியவில்லை. ரயில் பாலத்துப் பக்கம் போகும் பேருந்தில்கூட அதற்குப் பிறகு ஏறவில்லை. லென்ஸ் வாங்கப் போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவார்.

இப்போது அதே பேக்கரி மாடி. நர்ஸம்மாவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சீட்டைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற எங்கயும் போட்டுக்கலையா?"

"இல்லம்மா."

"நான் ஒரு தடவை போன் பண்ணேனே. கூட்டிட்டு வர்றவளே போயிட்டான்னு சொல்லி அழுதீங்க. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. வேற எங்கயாவது போட்டுக்குவீங்கன்னு நினைச்சுட்டேன். நான் விட்டிருக்கக் கூடாது."

"அவளுக்குத் தெரியுமா?" என்றார் லென்ஸ்காரர். "இது எதுக்குன்னு?"

"தெரியாமலா? பெரிய டாக்டர் அவங்களை உக்கார வெச்சுச் சொன்னார். நிறுத்தினா கால் போகும், கண் போகும், விளையாட்டில்லைன்னு. வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க நர்ஸம்மா, பயந்துட்டார்னா படி ஏற மாட்டார். சத்து ஊசின்னே இருக்கட்டும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னாங்க."

காதைத் திருக ஆள் இல்லை. ஊசி வலித்தது. ஊசிக் குழாயில் இருந்த மருந்து அவர் கண்ணுக்குக் கடுந்தேநீர் நிறத்தில் தெரிந்தது; அது சிவப்பு என்று மகள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸ்காரருக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. நாலு வருடமாக அவளை நினைத்து உருகியவர், அன்றைக்கு அவளைத் திட்டித் தீர்த்தார். "மிச்சத்தை இவ பாத்துக்குவாளாம்! பாத்துக்கிட்ட லட்சணத்தைப் பாரு! என் கண்ணை எடுத்து இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாளே! என்கிட்ட சொல்ல வேணாம், நான் கோழை, ஒத்துக்கறேன். உன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெக்கக் கூடாதா?"

மகள் பீரோவைத் திறந்து, அம்மாவின் துணி, கைப்பை, மருந்து டப்பா என்று ஒன்று விடாமல் தேடினாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தேடினார். இரண்டு நாள் தேடினார்கள். ஒரு சீட்டும் இல்லை.

"அம்பத்தெட்டு வயசுல நாளைக்குப் போயிடுவோம்னு யாருப்பா நினைப்பாங்க?" என்றாள் மகள்.

"அவ நினைப்பா. எல்லாத்தையும் நினைக்கறவ இதை மட்டும் ஏன் நினைக்கல?" என்றார். அந்தக் கேள்வி அவரை விடவேயில்லை. சாப்பிடும்போது கேட்டார், படுக்கும்போது கேட்டார். கண் போனதைவிட, அவள் தன்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போனாள் என்பதுதான் அவரை அறுத்தது.

ஊசி மட்டும் நிற்கவில்லை. மகள் கண்ணும் கருத்துமாகக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் ராத்திரியில் கால் விரல்களில் நெருப்பு பட்டதுபோல எரிந்தது. செத்துக் கிடந்தது முழிக்கிறது, நல்லதுதான் என்று டாக்டர் சொன்னார். முழிக்கிற நேரமா இது என்று இவர் முனகினார். ஏழாவது வாரம் நர்ஸம்மா மருந்தை ஏற்றும்போது குழாயைப் பார்த்து லென்ஸ்காரர், "இதென்ன, ரத்தம் மாதிரி இருக்கு?" என்றார். நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்தபடியே மகளைப் பார்த்துச் சிரித்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு முதலில் மூக்கு வந்தது, பிறகு கண் வந்தது. ஆனால் எவ்வளவு வந்திருக்கிறது? லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போதுமா? லென்ஸில் மயிரிழைக் கோடு ஒன்று போட்டு, அதை வைத்துத்தான் ஃப்ரேமில் உட்கார வைக்க வேண்டும். கோடு தப்பினால் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். பலகையின் எட்டாவது வரி தெரிந்தால்தான் அந்தக் கோடு தெரியும் என்பது அவருடைய முப்பது வருடக் கணக்கு.

மூன்று மாதம் முடிந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்றால் அதில் ஒரு சிக்கல். அவர் கடைப் பலகை அவருக்கு மனப்பாடம். முள்ளுக்கரண்டிப் பக்கமும் மனப்பாடம். மருத்துவமனையில் இருப்பதும் அதே பலகைதான். வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

"நெஜமாவே படிக்கிறேனா, மனசுல இருந்து வருதான்னு எனக்கே தெரியலம்மா," என்றார் மகளிடம். அதைச் சொல்ல அவருக்குப் பெரிய தைரியம் வேண்டியிருந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடை இருக்காமே. அங்க திரை மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்களாம். ஒவ்வொரு தடவையும் எழுத்தை மாத்தி மாத்திக் காட்டுமாம். அங்க போலாம்பா."

"அந்தக் கடைக்கு நான் வரல."

"ஏன்?"

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு படியிறங்கியபோது, எதிரே பாலத்துப் பேருந்து வந்து நின்றது. என்ன நினைத்தாரோ, மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

கடையில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆள் உயரக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தார். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள், அம்மா நின்ற இடத்தில். உள்ளேயிருந்து மீசைக்காரர் வந்தார். மீசை வெள்ளையாகியிருந்தது, அந்த வெள்ளை இவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வாங்க லென்ஸ்காரரே," என்றார் மீசைக்காரர்.

லென்ஸ்காரர் திடுக்கிட்டார். "என்னைத் தெரியுமா?"

"முதல்ல உட்காருங்க. எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க. தெரியுமா தெரியாதாங்கறதை அப்புறம் பேசலாம்."

மகள் விஷயத்தைச் சொன்னாள். மீசைக்காரர் மறுபேச்சில்லாமல் நாற்காலியைத் திருப்பி, திரையைப் போட்டார். புது எழுத்துகள். இவர் ஆயுளில் பார்க்காத வரிசை. லென்ஸ்காரர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படித்தார். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஒரு எழுத்துக்குத் தடுமாறி, பிடித்துவிட்டார். ஐந்தாவது மெதுவாக வந்தது. ஆறாவதை முக்கி முனகிப் படித்து முடித்தபோது வேர்த்துவிட்டது. ஏழாவது வரியைப் பார்த்தார். புழுப்போல ஏதோ நெளிந்தது. குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது.

"தெரியல," என்றார்.

"ஆறு வரி," என்றார் மீசைக்காரர். "மூணு மாசத்துக்கு முன்னாடி?"

"ஒண்ணு," என்றாள் மகள்.

"ஆறு வரி போதும்ங்க. ரோடு கடக்கலாம், பேப்பர் படிக்கலாம், ஆள் முகம் தெரியும். இன்னும்கூட வரலாம்."

"கோடு தெரியாது," என்றார் லென்ஸ்காரர்.

"கோடு தெரியாதுதான்," என்றார் மீசைக்காரர். தொழில்காரனிடம் தொழில்காரன் பொய் சொல்லவில்லை. பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, மகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அம்மா வரலையா?"

"நாலு வருஷம் ஆச்சு," என்றார் லென்ஸ்காரர்.

மீசைக்காரர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் மாசமே எனக்கு உங்களைத் தெரியும்," என்றார் பிறகு. "நீங்க வெளிய போனதும் அவங்க மட்டும் குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தாங்க. 'அவர் என் வீட்டுக்காரர், அவரும் கண்ணாடிக் கடைதான். மாசாமாசம் ஊசி போடலைன்னா அவருக்குக் கண்ணு போயிடும். இங்க வந்து கூத்தடிக்கலாம்னு ஆசை காட்டித்தான் கூட்டிட்டு வர்றேன். தயவு பண்ணி எங்களைக் கண்டுக்காதீங்க'ன்னாங்க. பதினாறு வருஷம் சிரிப்பை அடக்கி அடக்கியே என் மீசை நரைச்சுப்போச்சு."

மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா நீங்க வரவே இல்லையே," என்றார் மீசைக்காரர். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "திடீர்னு நின்னுட்டீங்க. ஊரை விட்டே போயிட்டீங்கன்னு நினைச்சேன். உங்க கடை எந்தத் தெருன்னு அவங்ககிட்ட கேட்டு வெச்சுக்காம விட்டுட்டேன். புதன்கிழமையானா வாசலைப் பார்த்துட்டேதான் இருப்பேன். ஏன்னா, அவங்க என்கிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருந்தாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை."

"என்ன சொன்னா?"

"'எனக்கு முன்னப் பின்ன ஏதாவது ஆயிட்டா, இந்த மனுஷன் வேற எங்க போறாரோ இல்லையோ, என்னைத் தேடிக்கிட்டு இங்க ஒரு தடவையாவது வந்து நிப்பார். அப்படித் தனியா வந்தார்னா அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சரியில்லைன்னா நீங்களே காதைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க'ன்னாங்க."

லென்ஸ்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சுற்றிக்கொண்டு போன வழிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. பாலத்துப் பேருந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு தடவை, இந்த நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை, அவளை நினைத்துக்கொண்டு இந்தக் கடைப் படியேறியிருந்தால் போதும். அவள் விட்டுவிட்டுப் போகவில்லை. சரியான இடத்தில்தான் சொல்லி வைத்திருந்தாள். இவர்தான் வரவில்லை. மூன்று மாதமாக அவளைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் திரும்பி வந்து விழுந்தது.

"கேளுங்க," என்றார் கடைசியில். "அந்தக் கேள்வியை இப்பக் கேளுங்க."

மீசைக்காரர் தயங்கினார். பிறகு எழுந்து நின்று, சட்டையைச் சரி செய்துகொண்டு, ஒப்படைத்த வேலையைச் செய்கிற மனிதரின் குரலில் கேட்டார்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றார் லென்ஸ்காரர். சட்டைக் கையைச் சுருட்டி, மேல்கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, இன்னொரு தடவையும் சொன்னார். "போட்டாச்சும்மா." ஒரு தடவை சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.